பேக்பைப்பில் ஒலி பிசகும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஸ்காட்லாந்தின் பெரிய ஹைலண்ட் பேக்பைப்பைக் கற்கத் தொடங்கும் ஒருவர் முதல் இரண்டு ஆண்டுகளில் சந்திக்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை விரலில் இருப்பதாகவோ சீவாளியில் இருப்பதாகவோ தோன்றும்; ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்துப் பார்த்தால் அவற்றில் மிகுதியானவை காற்றில்தான் தொடங்கியிருக்கும். நாகசுரத்தில் வாசிப்பவரின் உதடு சீவாளியைப் பிடித்திருக்கிறது. சுரம் சற்றுத் தாழ்ந்தால் உதடும் மூச்சும் அந்தக் கணமே அதைத் தூக்கிவிடும். பேக்பைப்பில் அந்த வசதி கிடையாது. அதிர்ந்து ஒலி எழுப்பும் ரீட் எனப்படும் நாக்குகள் நான்கும் குழல்களுக்குள் மறைந்திருக்கின்றன, வாசிப்பவரின் உதடு அவற்றில் எதையும் தொடுவதில்லை, பைக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஒன்றே நான்கையும் ஆள்கிறது. அழுத்தம் தவறினால் எல்லாம் ஒருசேரத் தவறுவதால், பிழை எங்கே என்று காது தடுமாறுகிறது.

ஆகவே கீழே சொல்லப்படும் அறிகுறிகளில் எதை எடுத்துக்கொண்டாலும், முதலில் காற்று கசிகிறதா, அடுத்து அழுத்தம் நிலையாக இருக்கிறதா, அதன் பிறகு ரீட் சரியாக அமர்ந்திருக்கிறதா, கடைசியாக விரல் என்ற வரிசையில் தேட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் குணமானது எதனால் என்பது தெரியாமலே போய்விடும். நான் முதல் ஆண்டில், விரல்கள் வாசிக்கும் குழலான சாண்டரின் சீவாளியை மூன்று முறை மாற்றிய பிறகுதான், ஊதுகுழலின் தோல் வால்வு காய்ந்து சுருண்டு, ஊதிய காற்றைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்ததைக் கண்டேன். மூன்று சீவாளிகளிலும் குற்றம் எதுவும் இருக்கவில்லை.

உறுப்புகளின் பெயர்களை முதலில் உறுதி செய்துகொள்வோம். வாயில் வைத்து ஊதுவது ஊதுகுழல். காற்று திரும்பாமல் தடுக்கும் வால்வு அதன் அடிமுனையில் இருக்கிறது. விரல்கள் வாசிக்கும் குழல் சாண்டர். அதற்குள் இரட்டை நாக்குச் சீவாளி உண்டு. தோள்மீது சாய்ந்து நிற்கும் மூன்றும் ட்ரோன் எனப்படும் சுருதிக்குழல்கள். அவற்றில் இரண்டு டெனர், ஒன்று பேஸ். நாகசுரத்துக்கு ஒத்து செய்யும் வேலையை இவை செய்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒற்றை நாக்கு ரீட் ஒன்று இருக்கிறது. இந்த ஐந்து குழல்களும், பையில் இறுகக் கட்டப்பட்ட ஸ்டாக் என்னும் ஐந்து குட்டையான மரக்குழாய்களுக்குள் செருகப்படுகின்றன. சாண்டரில் ஒன்பது சுரங்கள் மட்டுமே உண்டு: லோ ஜி, லோ ஏ, பி, சி, டி, இ, எஃப், ஹை ஜி, ஹை ஏ. லோ ஏயை ஷட்ஜமாகக் கொண்டு கேட்டால் இது ஹரிகாம்போஜியின் வரிசையாகவும், அதற்குக் கீழே கூடுதலாக ஒரு நிஷாதமாகவும் அமையும். கர்நாடக இசை பழகிய காதுக்கு, எந்தச் சுரம் பிசகுகிறது என்று கண்டுகொள்ள இந்த ஒப்பீடே பாதி வேலையைச் செய்துவிடும்.

பயிற்சி சாண்டரில் கீச்சொலி வருகிறது, கீழ்ச்சுரங்கள் பேசுவதில்லை

ஸ்காட்லாந்தில் நல்ல ஆசிரியர் எவரும் மாணவரின் கையில் முதல் நாளே பையைக் கொடுப்பதில்லை. பையும் சுருதிக்குழலும் இல்லாத, ஒலி மெல்லியதான பயிற்சி சாண்டரில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை விரல்களைப் பழக்கிய பிறகே கருவிக்குப் போவது வழக்கம். அதில் வரும் கீச்சொலிக்கு மிகப் பெரும்பாலும் காரணம், ஏதோ ஒரு துளை மயிரிழை அளவு திறந்திருப்பதுதான். இடக்கை மேலேயும் வலக்கை கீழேயும் இருக்க, எட்டுத் துளைகளையும் மூடி, சற்றே அழுத்திப் பிடித்து, பத்து விநாடி கழித்துக் கைகளை எடுத்துப் பார்க்க வேண்டும். விரல்களில் துளையின் வட்டத் தடம் முழுமையாகப் பதிந்திருந்தால் அந்த விரல் சரி. பிறை போல அரைகுறையாகப் பதிந்திருந்தால் பிழை அங்கே இருக்கிறது.

வலக்கை விரல்களை நுனியால் வைப்பதே அடிப்படைத் தவறு. அவை நேராகத் தட்டையாக நீண்டு, முதல் கணுவுக்கும் இரண்டாம் கணுவுக்கும் இடைப்பட்ட சதையால் துளையை மூட வேண்டும். இல்லாவிட்டால் சுண்டுவிரல் தன் துளையை எட்டாது. கீழ்ச்சுரம் பேசாதபோது எல்லோரும் கீழ்க்கையைத்தான் பார்ப்பார்கள். குற்றவாளி பெரும்பாலும் மேலே, இடக்கை மோதிரவிரலிலோ பின்புறத்துத் துளையை மூடும் கட்டைவிரலிலோ இருப்பான். ஹை ஏயிலிருந்து ஒவ்வொரு சுரமாக மெதுவாக இறங்கி வந்து, எந்தச் சுரத்தில் ஒலி முதலில் உடைகிறது என்று பார்த்தால், அந்தச் சுரத்துக்காகப் புதிதாக மூடிய விரலே கசிகிறது என்று கொள்ளலாம்.

விரல்கள் சரியாக மூடியும் ஒலி கரகரத்தால், சீவாளி குழலின் வாயில் தளர்வாக அமர்ந்திருக்கிறதா என்று பார்த்து, அதன் அடியில் இரண்டு சுற்று நூல் கூட்டினால் போதும்.

சுரம் மாறும்போது நடுவில் வேறொரு சுரம் எட்டிப் பார்க்கிறது

டியிலிருந்து இக்குப் போகும்போது இந்தப் பிழை அதிகம் கேட்கும். டியில் வலக்கையின் மூன்று விரல்கள் தூக்கியும் சுண்டுவிரல் மூடியும் இருக்கின்றன. இயில் அந்த மூன்றும் மூடி, சுண்டுவிரல் திறந்து, இடக்கை மோதிரவிரல் தூக்க வேண்டும். இந்த அசைவுகள் அனைத்தும் ஒரே கணத்தில் நடக்காமல் வலக்கை முந்திக்கொண்டால், இடையில் லோ ஏயோ லோ ஜியோ ஒரு துளி சிந்திவிடும். பேக்பைப்பில் ஒலியை நிறுத்த வழியில்லை. சாண்டர் ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருப்பதால் மிகச் சிறிய தடுமாற்றமும் மறையாமல் வெளியே வருகிறது. மெட்ரோனோமை மிகத் தாழ்ந்த வேகத்தில் வைத்து, அந்த இரண்டு சுரங்களை மட்டும், சிந்தல் முற்றிலும் நிற்கும்வரை மாறிமாறி வாசிப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்தில்லை. வேகத்தைக் கூட்டினால் சிந்தல் மறைந்ததுபோலத் தோன்றும். உண்மையில் அது வேகத்துக்குள் ஒளிந்துகொள்கிறது.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. மோதிரவிரலைத் தூக்கி இயை வாசித்துவிட்டு, வலக்கையை மூடாமல் அப்படியே விட்டுவிடுவார்கள். இ ஒலிக்கும், பயிற்சி சாண்டரில் வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. பின்னாளில் பெரிய கருவியில் சுருதிக்குழல்களோடு சேர்த்துக் கேட்கும்போது அந்தப் பஞ்சமம் சேராது. அப்போது அதைச் சீவாளியின் குற்றம் என்று நினைத்துத் தேடத் தொடங்கினால் மாதங்கள் வீணாகும்.

ஒரே சுரத்தை இரண்டு முறை வாசித்தால் ஒன்றாகிவிடுகிறது

இது பழுதில்லை, கருவியின் இயல்பு. நாக்கால் தட்டிப் பிரிக்க வழியில்லாத கருவி என்பதால், இரண்டு சுரங்களுக்கு இடையே கிரேஸ் நோட் எனப்படும் மிகக் குறுகிய மேல்சுரம் ஒன்றைச் செருகித்தான் பிரிக்க முடியும். இடக்கை ஆள்காட்டிவிரலை மிகச் சிறிது தூக்கி மூடினால் ஜி கிரேஸ் நோட் கிடைக்கும். அது ஒரு சுரமாகக் காதில் விழுந்தால் நீண்டுவிட்டது என்று பொருள். ஒரு சொடுக்காக மட்டுமே விழ வேண்டும். பெர்ல் என்னும் அணியில் லோ ஏக்கு நடுவே சுண்டுவிரல் லோ ஜியை இரண்டு முறை தொட்டு வர வேண்டும். அது குழம்பினால் பெரும்பாலும் மணிக்கட்டு இறுகியிருக்கும். ஹைலண்ட் பகுதியின் பழைய ஆசிரியர்கள் கண்டரக் எனப்படும் சொற்கட்டுகளால் பாடல்களை வாயால் பாடியே மாணவருக்குக் கற்பித்தார்கள். நம்முடைய சொற்கட்டு மரபை அறிந்தவர்களுக்கு அதன் பயனை விளக்க வேண்டியதில்லை. விரல் குழம்பும் இடத்தை முதலில் வாயால் பாடிப் பாருங்கள். பாட முடியவில்லை என்றால் விரலும் அதை அறிந்திருக்காது.

மூன்றே நிமிடத்தில் மூச்சு தீர்ந்துவிடுகிறது

பெரிய கருவிக்கு மாறியவுடன் வரும் முதல் புகார் இதுவே, இதனால்தான் பலர் கற்பதையே கைவிடுகிறார்கள். தம் நுரையீரலுக்கு வலுப் போதாது என்று அவர்கள் முடிவு கட்டிவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது, ஏனென்றால் காற்று கசியாத, ரீட்கள் சரியாக அமைந்த பேக்பைப் ஒரு சிறுவனாலும் சிறுமியாலும் வாசிக்கக்கூடியது.

ஊதுகுழலைத் தவிர மற்றக் குழல்கள் அனைத்தையும் கழற்றி, அவற்றுக்குரிய நான்கு ஸ்டாக்குகளையும் ரப்பர் அடைப்பானால் இறுக மூடி, பை கல்போல் கெட்டியாகும்வரை ஊத வேண்டும். மூன்று நிமிடம் காத்திருந்து இன்னொரு மூச்சு ஊதிப் பார்க்க வேண்டும். சிறிதளவுக்கு மேல் காற்று உள்ளே போனால் அந்த அளவு வெளியே கசிந்திருக்கிறது. முதலில் ஊதுகுழலின் வாயருகே ஈரமான உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். குளிர்ச்சியாகக் காற்று பட்டால் வால்வு சரியாக மூடவில்லை. தோல் வால்வானால் நனைத்து நேராக்கலாம், ரப்பர் வால்வானால் மாற்றிவிடுவது நல்லது. வால்வு சரியானால் ஸ்டாக் கட்டப்பட்ட இடங்களையும் தையலையும் காதருகே பிடித்துக் கேட்க வேண்டும். செம்மறித் தோல், மாட்டுத் தோல் போன்ற தோற்பைகளுக்குத் துளைகளை அடைக்கும் பசைத் திரவம் தனியே விற்கப்படுகிறது. அதைச் சூடாக்கி ஊற்றி, தையல் முழுவதும் ஊறும்படிப் பிசைந்து, மீதியை முழுமையாக வடித்துவிட்டு, ஸ்டாக்குகளின் உட்புறத்தைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் அந்தப் பசை ரீட்டில் ஒட்டி அதைக் கொன்றுவிடும். செயற்கைத் துணிப் பைகளுக்கு இந்தப் பசை தேவையில்லை. அவற்றில் ஜிப்பும் ரப்பர் வளையங்களுமே கசியும் இடங்கள்.

பை தேறிவிட்டால், சாண்டருக்குரியதைத் தவிர மற்ற அடைப்பான்களை எடுத்துவிட்டுச் சுருதிக்குழல்களைச் செருகி, அவற்றின் மேல்முனைகளை அடைத்து, அதே சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். முன்பு நின்ற காற்று இப்போது கசிந்தால், குழல் இணைப்புகளில் சுற்றிய மெழுகிட்ட சணல்நூல் தேய்ந்திருக்கிறது. ஸ்டாக்கில் செருகும் இணைப்பு கெட்டியாக இருக்க வேண்டும். சுருதி சேர்க்க நகர்த்தும் இணைப்போ ஆடாமலும், அதே நேரம் ஒரு கையால் நகர்த்தும் அளவு இலகுவாகவும் இருக்க வேண்டும். அளவுக்கு மீறி நூல் சுற்றினால் ஈரத்தில் மரமும் நூலும் ஊதிப் பெருத்து, ஸ்டாக் வெடிக்கவும் கூடும்.

இத்தனைக்கும் பிறகு மூச்சு வாங்கினால் மட்டும் சீவாளி மிகக் கடினமானதா என்று பாருங்கள். தொடக்கநிலையாளருக்கு ஆசிரியர்கள் இலகுவான சீவாளியையே தேர்ந்து கொடுப்பார்கள்; கடினமான சீவாளியில் ஒலி பெரிதாக இருக்கும் என்பதற்காக அதை நாடுவது வீண் துன்பம். உடலைப் பழக்க, மூன்று சுருதிக்குழல்களையும் அடைத்துவிட்டுச் சாண்டரை மட்டும் சில நாள் வாசித்து, அது பத்து நிமிடம் தளராமல் வந்ததும் ஒரு டெனரைத் திறந்து, பிறகு இரண்டாவதையும், கடைசியாகப் பேஸையும் திறந்தால் மூச்சு தானாகவே வளர்ந்துவிடும்.

மூச்சு வாங்கும்போதெல்லாம் சுரம் அலைகிறது

இந்த ஒரு பகுதியை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டுவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. பேக்பைப் வாசிப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நீங்கள் ஊதும்போது நுரையீரல் தரும் அழுத்தமும், மூச்சை இழுக்கும்போது கை பையை அமுக்கித் தரும் அழுத்தமும் ஒன்றாகவே இருக்க வேண்டும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் கணம் கேட்பவருக்குத் தெரியவே கூடாது. அழுத்தம் மாறினால் சாண்டரின் சுரம் ஒரு வகையாகவும் சுருதிக்குழல்கள் வேறு வகையாகவும் நகர்வதால், இரண்டுக்கும் இடையே "வா-வா" என்ற விம்மல் எழுகிறது.

எந்தக் கணத்தில் விம்முகிறது என்பதைக் கவனித்தால் காரணம் தெரிந்துவிடும். மூச்சை உள்ளிழுக்கத் தொடங்கும் கணத்தில் சுரம் சரிந்தால், ஊதுவது நின்ற பிறகே கை அமுக்கத் தொடங்குகிறது, அதாவது கை தாமதிக்கிறது. மீண்டும் ஊதத் தொடங்கும் கணத்தில் சுரம் துள்ளினால், ஊதும்போதும் கை விடாமல் அமுக்கிக்கொண்டிருக்கிறது. ஊதும்போது பை உப்பிக் கையை வெளியே தள்ள வேண்டும், கை அதற்கு இடம் கொடுக்க வேண்டும். அந்தத் தளர்வைக் கற்பது அமுக்கக் கற்பதைவிடக் கடினம். முழங்கை முனையால் குத்தாமல் முன்கையின் உட்புறத்தால் பையை விலாவோடு சேர்த்து அணைக்க வேண்டும். பை அக்குளுக்கு நெருக்கமாக, மேலே இருக்க வேண்டும். கீழே நழுவிய பையை எந்தக் கையாலும் நிலையாக அமுக்க முடியாது.

காதை இன்னும் நம்ப முடியாதவர்களுக்கு ஓர் எளிய கருவியைப் பரிந்துரைக்கிறேன். ஏறத்தாழ 4 அடி உயரமுள்ள பலகையில், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை ப வடிவில் இரு கைகளும் மேல்நோக்கி நிற்கும்படிப் பொருத்தி, பாதி உயரத்துக்கு மை கலந்த நீரை ஊற்றி, குழாயின் ஒரு முனையைத் துளையிட்ட அடைப்பான் வழியே ஒரு சுருதிக்குழலின் ஸ்டாக்கில் செருக வேண்டும். வாசிக்கும்போது இரு பக்க நீர்மட்டங்களுக்கு இடையே தோன்றும் வேறுபாடே பைக்குள் இருக்கும் அழுத்தம். சீவாளியின் தன்மையைப் பொறுத்து அது 25 முதல் 35 அங்குலம் வரை இருக்கும், 30 அங்குலம் பொதுவாகக் காணும் அளவு. முதல் நாளில் நீர் ஊஞ்சல் போல ஆடும், அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். லோ ஏயை மட்டும் பிடித்துக்கொண்டு, ஆட்டம் ஓரிரு அங்குலத்துக்குள் அடங்கும்வரை நாளும் ஐந்து நிமிடம் ஊதுங்கள். பாடலின் தாளத்துக்கு ஏற்ப மூச்சு வாங்கும் பழக்கம் இருந்தால் அதுவும் இந்த நீரில் தெரிந்துவிடும். மூச்சின் சுழற்சியும் பாடலின் தாளமும் ஒன்றையொன்று அறியாதவைபோல நடக்க வேண்டும்.

சுருதிக்குழல் நின்றுவிடுகிறது, அல்லது காற்றை எல்லாம் விழுங்கிவிடுகிறது

இரண்டும் ஒரே காரணத்தின் இரு முனைகள். சுருதிக்குழல் ரீட்டின் நாக்குக்கும் உடலுக்கும் இடையே உள்ள மெல்லிய இடைவெளி மிகக் குறைந்தால், அழுத்தம் ஏறும்போது நாக்கு ஒட்டிக்கொண்டு ஒலி நின்றுவிடும். மிகக் கூடினால் காற்று வீணாக ஓடி, ஒலி முரட்டுத்தனமாக முழங்கும். நாக்கைச் சுற்றி இறுக்கியிருக்கும் வளையத்தை நாக்கின் திறந்த முனையை நோக்கி நகர்த்தினால் அதிரும் நாக்கு குறுகி, காற்றுச் செலவு குறைந்து, சுருதி சற்று ஏறும். எதிர்த்திசையில் நகர்த்தினால் நாக்கு நீண்டு, இடைவெளி கூடி, சுருதி இறங்கும். நகர்த்துவது ஒரு மயிரிழை அளவுக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு முறையும் ஊதிப் பார்த்த பிறகே அடுத்த நகர்வு.

அளவு எதுவென்றால், சாண்டருக்குத் தேவையான அழுத்தத்தில் நன்றாக ஒலித்து, அதைவிடச் சற்றே அதிகமாக ஊதினால் நின்றுவிடும் நிலையே நல்ல நிலை. மற்ற இரண்டையும் அடைத்துவிட்டு ஒவ்வொரு சுருதிக்குழலாக இப்படிச் சோதித்து, மூன்றும் ஏறத்தாழ ஒரே அழுத்தத்தில் நிற்கும்படி அமைத்துவிட்டால், மூச்சு வாங்குவதும் பாதியாகக் குறைந்துவிடும்.

சுருதிக்குழல்களும் சாண்டரும் சேரவில்லை

குளிர்ந்த கருவியில் சுருதி சேர்ப்பது நேரத்தை வீணாக்குவது. மூச்சின் வெப்பத்தாலும் ஈரத்தாலும் சாண்டரின் சுருதி மெல்ல ஏறுவதால், பத்து நிமிடம் வாசித்து அது ஓரிடத்தில் நின்ற பிறகே குழல்களைத் தொட வேண்டும். லோ ஏ என்ற பெயரைக் கண்டு ட்யூனர் செயலியில் 440 ஹெர்ட்ஸை எதிர்பார்த்துக் கருவி கெட்டுவிட்டதாக அஞ்சுபவர்கள் உண்டு. இந்தக் கருவியின் லோ ஏ, பியானோவின் பி ஃபிளாட்டையும் தாண்டி, இன்றைய பைப் பேண்டுகளில் 480 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கிறது. டெனர்கள் அதற்கு ஒரு ஸ்தாயி கீழேயும் பேஸ் இரண்டு ஸ்தாயி கீழேயும் இருக்க வேண்டும். லோ ஏ 480 என்றால் அவை 240, 120.

முதலில் ஒரு டெனரை மட்டும் ஒலிக்க விட்டு, மற்ற இரண்டின் மேல்முனையை விரலால் ஒரு கணம் மூடி நிறுத்த வேண்டும். லோ ஏயோடு சேர்த்துக் கேட்டு, விம்மல் இருந்தால் குழலைச் சிறிது நீட்ட வேண்டும். விம்மல் மெதுவானால் அந்தத் திசை சரி, விரைந்தால் குறுக்க வேண்டும். நீட்டினால் சுருதி இறங்கும், குறுக்கினால் ஏறும். விம்மல் முற்றிலும் நின்றதும் இரண்டாவது டெனரை முதலாவதோடும், பிறகு பேஸை இரண்டோடும் சேர்க்க வேண்டும். பேஸில் நகரும் இணைப்புகள் இரண்டு இருந்தாலும் கீழ் இணைப்பை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு மேல் இணைப்பால் மட்டும் சேர்ப்பது நல்லது. முடிந்ததும் இயை வாசித்துக் கேளுங்கள். தம்பூராவோடு பஞ்சமம் சேர்வதுபோல அது குழல்களுக்குள் கரைந்து போக வேண்டும். சுருதி சேர, குழலை இணைப்பே கழன்றுவிடும் அளவுக்கு நீட்ட வேண்டியிருந்தால், ரீட்டின் சுருதி அதிகம் என்று பொருள். வளையத்தைப் பின்னால் நகர்த்தி அதை இறக்க வேண்டும்.

ஆகஸ்ட் மாதத்தில் கிளாஸ்கோ கிரீன் மைதானத்தில் நடக்கும் உலக பைப் பேண்ட் போட்டியின்போது, களத்துக்குள் போகும் முன் ஒவ்வொரு குழுவும் வட்டமாக நிற்க, ஒருவர் ட்யூனரோடு தோள் தோளாகச் சென்று குழல்களை நகர்த்திக்கொண்டிருப்பதைக் காணலாம். ஆண்டுக்கணக்கில் வாசித்தவர்களே அதற்குச் செலவிடும் நேரத்தைப் பார்த்தால், புதியவர் அரைமணி நேரம் சுருதியோடு போராடுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மற்றவை சரி, ஒரு சுரம் மட்டும் பிசகுகிறது

ஒரே ஒரு சுரம் ஏறியிருந்தால், அதன் துளையின் மேல்விளிம்பை எலெக்ட்ரீஷியன் பயன்படுத்தும் இன்சுலேஷன் டேப்பால் சிறிதளவு மூட வேண்டும், சுரம் இறங்கும். சுரம் தாழ்ந்திருந்தால் ஏற்கெனவே ஒட்டிய டேப்பை உயர்த்த வேண்டும். துளையைக் கத்தியால் செதுக்கிப் பெரிதாக்குவதை மட்டும் செய்யாதீர்கள், செதுக்கியதைத் திரும்ப வைக்க முடியாது. மேல்சுரங்கள் அனைத்தும் தாழ்ந்து கீழ்ச்சுரங்கள் சரியாக இருந்தால் டேப் வேண்டாம். சீவாளியை ஒரு காகிதத் தடிப்பு அளவு உள்ளே அழுத்த வேண்டும். அப்போது எல்லாச் சுரங்களும் ஏறினாலும் மேல்சுரங்களே கூடுதலாக ஏறும். லோ ஏ இரண்டு குரலில் கரகரத்தால் அழுத்தம் குறைவு, விரல் கசிவு, சீவாளியில் விரிசல் என்ற வரிசையில் பாருங்கள்.

தொடங்கும்போதும் முடிக்கும்போதும் முனகல் கேட்கிறது

பையை முக்கால் பங்கு நிரப்பி, ஒலி எழாத அளவு அழுத்தத்தில் வைத்துக்கொண்டு, வலக்கையால் பையை ஒரே தட்டாகத் தட்டினால் மூன்று சுருதிக்குழல்களும் ஒன்றாக எழ வேண்டும். உடனே கை அமுக்க, சாண்டர் இயில் தொடங்க வேண்டும். குழல்கள் முனகிக்கொண்டு ஒவ்வொன்றாக எழுந்தால் தட்டில் தயக்கம் இருக்கிறது, அல்லது மூன்று ரீட்களும் ஒரே அளவில் அமையவில்லை. தட்டும் முன்பே சாண்டர் கீச்சிட்டால் பை மிகையாக நிரம்பியிருக்கிறது. முடிக்கும்போது ஊதுவதை நிறுத்திவிட்டு, கையைப் பையிலிருந்து சட்டென்று விலக்க வேண்டும்.

இருபது நிமிடத்துக்குப் பிறகு ஒலி மங்குகிறது

பிழை நேரத்தோடு வருமானால் அது ஈரம். மூச்சின் ஆவி குளிர்ந்த குழலில் நீராகப் படிந்து, சுருதிக்குழல் ரீட்களின் நாக்கை உடலோடு ஒட்டிவிடுகிறது. ரீட்டை எடுத்து, நாக்கைத் தூக்காமல் மெல்லிய காகிதத்தால் இடைவெளியை ஒற்றி எடுக்க வேண்டும். எச்சில் மிகுதியாகப் போகிறவர்கள் ஊதுகுழலின் ஸ்டாக்கில் நீர்ப்பொறி ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். குளிர்காலத்தில் வெப்பமூட்டிய ஸ்காட்லாந்து வீடுகளில் இதற்கு எதிரான பிழை வரும்: சீவாளி காய்ந்து சுருங்கி, பேச மறுக்கும். அதைச் சாண்டரிலேயே விட்டு மூடியிட்டு வைத்தால் ஈரம் மெல்லக் குறையும், முற்றிலும் வற்றாது.

மரமும் இந்த ஈரத்தை உணர்கிறது. பெரும்பாலான கருவிகள் ஆப்பிரிக்கக் கருமரத்தால் செய்யப்படுகின்றன. அது நம் ஈட்டி மரத்தின் உறவு. புதுக் கருவியை முதல் நாளே ஒருமணி நேரம் ஊதினால் உட்புறம் நனைந்து விரிய, வெளிப்புறம் உலர்ந்தே இருக்க, மரம் வெடிக்கும். முதல் சில வாரங்கள் நாளுக்குக் கால்மணி நேரமும், முடிந்ததும் ஒவ்வொரு குழலின் உட்புறத்தைத் துணியால் துடைப்பதும் போதுமானது.

வாசிப்பவருக்கு வறட்டு இருமல் நிற்கவில்லை

இதை நான் கடைசியில் வைத்திருந்தாலும் முதலில் கவனிக்க வேண்டியது இதுதான். நாள்தோறும் பேக்பைப் வாசித்த 61 வயதானவர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் வறட்டு இருமலாலும் மூச்சுத் திணறலாலும் துன்புற்று 2014இல் இறந்தார். மான்செஸ்டர் மருத்துவர்கள் அவருடைய கருவியின் உட்புறத்திலிருந்து பல வகைப் பூஞ்சைகளை வளர்த்துக் கண்டு, 2016இல் தோராக்ஸ் என்னும் மருத்துவ இதழில் எழுதினார்கள். இடையில் கருவியை விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவில் அவர் கழித்த மூன்று மாதங்களில் இருமல் வெகுவாகக் குறைந்திருந்தது என்பதே அவர்களைக் கருவியின் பக்கம் திருப்பிய தடயம்.

ஈரமும் இருளும் உடல்வெப்பமும் சேர்ந்த பை, பூஞ்சைக்கு ஏற்ற இடம். வாசித்து முடித்ததும் குழல்களைக் கழற்றி, உட்புறம் துடைத்து, ஸ்டாக்குகளைத் திறந்து வைத்துப் பை உலரும்படி விட வேண்டும். ஜிப் உள்ள பையானால் முழுவதும் திறந்து காயவைக்க வேண்டும். ஊதுகுழலையும் வால்வையும் அடிக்கடி கழுவி உலர்த்த வேண்டும். புளித்த வாடை வீசும் பையையும், யாரோ பயன்படுத்திய பழைய பையையும் சுத்தம் செய்யாமல் வாயில் வைக்கக் கூடாது. இருமல் சில வாரங்களுக்கு மேல் நீடித்து, வாசிக்காத நாட்களில் குறைவதாகத் தோன்றினால், கருவியை ஒதுக்கி வைத்துவிட்டு மருத்துவரிடம் போய், நீங்கள் பேக்பைப் ஊதுகிறீர்கள் என்பதை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.